வயிற்றில் போடும் ஊசி

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்திலிருந்து அழைத்தபோது, "சுகாதாரம் பற்றி ஏதாவது பேசுங்கள், டெங்கு, நீரிழிவு மாதிரி" என்றார்கள். ஹெப்பரின் பற்றிப் பேசுகிறோம் என்று சொன்னதும் தொலைபேசியின் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பெயர் புதிதாக இருக்கலாம். பொருள் புதிதல்ல. இங்கே இருப்பவர்களில் சிசேரியன் ஆனவர்கள், மாரடைப்பு வந்த தகப்பனை வைத்தியசாலையில் வைத்துப் பார்த்தவர்கள், சிறுநீரகம் பழுதாகி இரத்தம் சுத்திகரிக்கப் போகும் உறவினர் உள்ளவர்கள் எல்லோரும் அதைக் கண்டிருக்கிறீர்கள். தொப்புளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஊசி போடுவார்களே, அதுதான்.

இந்தப் பேச்சில் 'நாங்கள்' என்று வருவது மேடை மரியாதைக்காக அல்ல. வாட்டில் எதையும் ஒருவர் தனியே செய்வதில்லை. நல்லதும் சேர்ந்துதான் நடக்கிறது, தவறும் சேர்ந்துதான் நடக்கிறது.

அட்டையிலிருந்து தொடங்கலாம். பசறை, நமுனுகுலை, மடுல்சீமைப் பக்கத்திலிருந்து வந்து படித்தவர்களுக்கு அட்டையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்காலத்தில் வெள்ளைக் காலுறை சிவந்து போய் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் நாங்கள். உப்பையோ சவர்க்காரத்தையோ தேய்த்தால் அட்டை விழுந்துவிடும். ஆனால் இரத்தம் நிற்காது, வழிந்துகொண்டே இருக்கும். ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அட்டையின் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத ஒரு பொருள் இருக்கிறது. 1884 இல் ஜோன் ஹேகிராஃப்ட் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். பின்னர் அதற்கு ஹிருடின் என்று பெயர் வைத்தார்கள். 1924 இல் ஜெர்மனியில் கியோர்க் ஹாஸ் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்து பார்த்தபோது, குழாய்க்குள் இரத்தம் உறையாமலிருக்க இந்த ஹிருடினைத்தான் பாவித்தார். சில வருடங்களில் ஹெப்பரினுக்கு மாறிவிட்டார்.

ஹெப்பரின் அகப்பட்டதும் தற்செயலாகத்தான். 1916 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர், இரத்தத்தை உறையச் செய்யும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். ஈரலிலிருந்து பிரித்தெடுத்த சாறு நேர்மாறாக வேலை செய்தது. ஒரு குவளை பூனை இரத்தத்தில் அந்தச் சாற்றைக் கலந்து பேராசிரியர் ஹோவலின் மேசையில் வைத்து, இது எப்போது உறைகிறது என்று பாருங்கள் என்றாராம். அது உறையவேயில்லை. இது மக்லீனே பின்னாளில் சொன்ன கதை. ஈரலுக்குக் கிரேக்க மொழியில் ஹெப்பார் என்று பெயர், அதிலிருந்துதான் ஹெப்பரின். மனிதருக்குப் போடக்கூடிய அளவுக்குச் சுத்தமாக்க இன்னும் இருபது வருடம் பிடித்தது. இன்சுலினோடு பெயர் சேர்ந்த சார்ள்ஸ் பெஸ்ட், டொரொண்டோவில் அந்த வேலையில் பெரும்பங்கு செய்தார்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஹெப்பரின் ஒரு மருந்தல்ல, ஒரு குடும்பம். பெயர் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்று என்று நினைப்பது நோயாளரின் தவறு மட்டுமல்ல, எங்களுடையதும்தான்.

ஹெப்பரின் சர்க்கரைக் கூறுகள் கோத்த ஒரு சங்கிலி. பழைய ஹெப்பரினில் நீளமானதும் குட்டையானதும் கலந்தே இருக்கும். மூலக்கூற்று நிறை 3,000 இலிருந்து 30,000 வரை, சராசரி 15,000. இந்தச் சங்கிலி தானாக இரத்தத்தை உறையாமல் செய்வதில்லை. எங்கள் இரத்தத்தில் ஏற்கெனவே அன்டித்ரொம்பின் என்ற காவல்காரர் இருக்கிறார். நல்லவர், ஆனால் மெதுவானவர். சங்கிலியில் ஐந்து சர்க்கரைகள் கொண்ட ஒரு குறிப்பிட்ட துண்டு அவரைப் பிடித்து உலுக்கினால் அவருடைய வேகம் ஆயிரம் மடங்குவரை கூடும். அந்தத் துண்டு இருப்பதே பழைய ஹெப்பரினில் மூன்றில் ஒரு பங்கு சங்கிலிகளில்தான். மற்றவை பெரும்பாலும் சும்மா சுற்றுகின்றன.

காவல்காரர் பிடிக்கவேண்டிய ஆட்கள் முக்கியமாக இருவர்: த்ரொம்பின் ஒருவர், பத்தாம் காரணி மற்றவர். பத்தாம் காரணியைப் பிடிக்க அந்த ஐந்து சர்க்கரைத் துண்டே போதும். த்ரொம்பினைப் பிடிக்க, அவரையும் காவல்காரரையும் ஒரே கயிற்றால் சேர்த்துக் கட்டவேண்டும். அதற்குக் குறைந்தது 18 சர்க்கரை நீளமுள்ள கயிறு வேண்டும். இரண்டு கொழுந்துச் சாக்கைச் சேர்த்துக் கட்ட முழக்கயிறு காணாதல்லவா, அதேபோல.

நீளமான கயிற்றுக்கு ஒரு குறையும் உண்டு. அது ஒட்டும். ஹெப்பரின் அளவுக்கு மறையேற்றம் செறிந்த பொருள் உயிரினங்களில் வேறில்லை. அதனால் இரத்தத்திலுள்ள புரதங்களில் ஒட்டும், நாளச் சுவரில் ஒட்டும், விழுங்கு கலங்களுக்குள்ளும் போகும். தீபாவளிக்குச் சாமான் வாங்க பதுளை டவுனுக்கு வரும் பெரிய குடும்பத்து அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கடை தெரிந்தவர்கள். ஒவ்வொருவரும் மறித்து வைத்துப் பேசுவார்கள். எத்தனை மணிக்கு பஸ் நிலையத்துக்கு வந்து சேருவார் என்று யாராலும் சொல்லமுடியாது. பழைய ஹெப்பரின் அப்படி. ஒரே அளவை இரண்டு பேருக்குக் கொடுத்தால் இரண்டு விதமாக வேலை செய்யும். காய்ச்சலிலும் அழற்சியிலும் இந்தப் புரதங்கள் கூடும். ஒருவருக்கே நேற்றுப் போதுமாயிருந்த அளவு இன்று போதாமல் போகும். இன்னொன்று, அளவு கூடக்கூட அது உடம்பில் நிற்கும் நேரமும் கூடும். நிறையில் ஒரு கிலோவுக்கு 25 அலகு கொடுத்தால் அரை மணித்தியாலத்தில் பாதியாகும். 100 அலகு கொடுத்தால் ஒரு மணித்தியாலம், 400 கொடுத்தால் இரண்டரை மணித்தியாலம். மறித்துப் பேசுகிறவர்கள் எல்லோரும் பேசி முடித்த பிறகு மிச்சம் உள்ளது வீதியில்தானே நிற்கும்.

எனவே நாளத்தில் சேலைன் மாதிரி ஏற்றி, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்து, உறையும் நேரத்தைப் பார்த்து, அளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். தோலுக்குக் கீழே சிறிய அளவாகப் போட்டால் மூன்றில் ஒரு பங்குதான் இரத்தத்துக்கு வந்து சேரும்.

சங்கிலியைத் துண்டாக்கினால் என்ன என்று 1970களிலும் 80களிலும் யோசித்தார்கள். அப்படி வந்தவைதான் குறை மூலக்கூற்று நிறை ஹெப்பரின்கள். எனொக்ஸபாரின் அதில் எங்களுக்கு மிகப் பழக்கமானது. சராசரி நிறை 4,000 முதல் 5,000 வரை. கயிறு குட்டையானதால் த்ரொம்பினைக் கட்டுவது குறைவு, பத்தாம் காரணியைப் பிடிப்பதே பிரதான வேலை. கைவீசி நடக்கும் இளம்பெண்ணைப்போல நேரே பஸ் நிலையத்துக்குப் போய்விடும். வயிற்றுத் தோலுக்குக் கீழே போட்டால் பத்தில் ஒன்பது பங்கு இரத்தத்துக்கு வரும். நாளுக்கு ஒன்றோ இரண்டோ ஊசி, நிறையைப் பார்த்து அளவு, பெரும்பாலானவர்களுக்கு இரத்தப் பரிசோதனைகூட வேண்டாம்.

மூன்றாவது வகை, அந்த ஐந்து சர்க்கரைத் துண்டை மட்டும் இரசாயன முறையில் செய்தது. ஃபொண்டபாரினக்ஸ் என்று பெயர். உடம்பில் பாதியாக 17 முதல் 21 மணித்தியாலம் எடுக்கும், நாளுக்கு ஒரு ஊசி போதும்.

கேட்கும்போது புதியது நல்லது, பழையது கெட்டது என்று தோன்றும். நாங்களும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தோம்.

இருபது வருடத்துக்கு முன்பு, நாங்கள் பயிற்சி வைத்தியர்களாக இருந்த காலம். மடுல்சீமைக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து ஏழுமாதக் கர்ப்பிணி ஒருவர் வந்தார். இடது கால் தொடைவரை வீங்கியிருந்தது. கர்ப்பத்தில் காலில் இரத்தம் உறைவது பெரும்பாலும் இடது காலில்தான், அந்தப் பக்கத்து நாளத்தின் மேலே ஒரு நாடி குறுக்கே போய் அழுத்துவதால். லயத்தில் எண்ணெய் தேய்த்து, பற்றுப் போட்டு ஒரு கிழமை கடந்திருந்தது. அந்தக் கட்டி பிரிந்து நுரையீரலுக்குப் போனால் நிமிடங்களில் உயிர் போய்விடும். வோர்ஃபரின் குளிசை கொடுக்கமுடியாது, அது தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். ஹெப்பரின் எந்த வகையானாலும் பிள்ளைக்குப் போகாது. கையிலிருந்தது பழைய ஹெப்பரின். அந்தப் பெண் குழந்தை பிறக்கும்வரை இரண்டு மாதம் வாட்டிலேயே கிடந்தார். மூத்த பிள்ளை லயத்தில். கணவன் ஞாயிற்றுக்கிழமை வருவார், வந்தவர் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவார். "எத்தன நாளு மிஸ் பேரு இல்லாம இருக்கிறது?" என்று அந்தப் பெண் ஒவ்வொரு காலையிலும் கேட்பார். பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதை இந்த மண்டபத்தில் விளக்கத் தேவையில்லை. தாயும் பிள்ளையும் சுகமாகப் போனார்கள்.

இன்று அதே நோயோடு வருபவர் சில நாட்களில் கையில் ஊசிகளோடு வீட்டுக்குப் போகிறார். கணவனுக்கோ மாமிக்கோ வாட்டில் ஊசி போடப் பழக்கி அனுப்புகிறோம். கர்ப்பத்தில் சிறுநீரகம் வேகமாக வேலை செய்வதால் இந்த ஊசி விரைவாகக் கழிந்துவிடும், ஆகவே சிகிச்சைக்கான அளவைப் பெரும்பாலும் நாளுக்கு இரண்டாகப் பிரித்துப் போடுகிறோம். மாதக்கணக்கில் பழைய ஹெப்பரின் போட்டால் எலும்பு தேயும். புதியதில் அது மிகக் குறைவு. இரத்தத் தட்டுகள் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் திடீரென்று குறைந்து, இரத்தம் கசிவதற்குப் பதிலாக மேலும் உறையும் ஒரு விபரீதமும் உண்டு. அதுவும் புதியதில் குறைவு. சங்கிலி குட்டையானதால் ஒரு தாய் தன் பிள்ளையோடு லயத்தில் இருக்கமுடிகிறது. இரசாயனவியல் பாடத்தில் இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இனிச் சொல்லப்போவதை நூற்றாண்டு மலரில் போடலாமா என்று யோசித்தோம். போடத்தான் வேண்டும் என்று முடிவு செய்தோம்.

ஊவாவுக்கு வெளியே ஒரு வைத்தியசாலை, பெயர் வேண்டாம். கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற 70 வயது அம்மா ஒருவர் நெஞ்சுவலியோடு வந்தார். மாரடைப்பு. அஸ்பிரினோடு எனொக்ஸபாரினும் தொடங்கினோம். அவரால் எழுந்து நிற்கமுடியவில்லை, நிறை பார்க்கவில்லை. 60 கிலோ என்று யாரோ எழுதினார்கள், மற்றவர்கள் அதையே பார்த்து எழுதினோம். கிலோவுக்கு ஒரு மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தரம், ஆக 120 மில்லிகிராம். கிரியேட்டினின் 1.1 என்று வந்தது. அறிக்கையில் அது சாதாரண அளவு. மூன்றாம் நாள் வயிற்றின் ஒருபக்கம் கல் மாதிரி வீங்கியது. வயிற்றுச் சுவர்த் தசைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அன்றுதான் படுக்கையோடு தூக்கி நிறை பார்த்தோம். 38 கிலோ.

எனொக்ஸபாரின் உடம்பைவிட்டுப் போவது சிறுநீரகத்தின் வழியாக. பழைய ஹெப்பரினுக்கு அந்தக் கவலை இல்லை, அதை விழுங்கு கலங்களும் நாளச் சுவருமே பெரும்பாலும் தீர்த்துவிடும். சிறுநீரகம் எவ்வளவு வடிக்கிறது என்பதைக் கிரியேட்டினினை மட்டும் பார்த்துச் சொல்லமுடியாது. தசையில்லாத மெலிந்த உடம்பில் அது ஊறுவதே குறைவு. வயது, நிறை, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட, கொக்ரொஃப்ட், கோல்ட் இருவரின் சூத்திரம் 1976 இலிருந்து இருக்கிறது. 140 இல் வயதைக் கழித்து, நிறையால் பெருக்கி, கிரியேட்டினினின் 72 மடங்கால் வகுத்து, பெண்ணென்றால் 0.85 ஆல் பெருக்கவேண்டும். அந்த அம்மாவுக்குப் போட்டுப் பாருங்கள், நிமிடத்துக்கு 28 மில்லிலீற்றர்தான் வரும். 30க்குக் கீழே போனால் நாளுக்கு ஒரு தரம்தான் போடலாம். போடவேண்டியது ஏறத்தாழ 40 மில்லிகிராம். போட்டது அதைப்போல மூன்று மடங்கு.

பழைய ஹெப்பரினாக இருந்திருந்தால் சொட்டு சொட்டாக ஏறுவதை நிறுத்தினாலே சில மணித்தியாலத்தில் தீர்ந்திருக்கும். அவசரமென்றால் புரோட்டமின் இருக்கிறது. சமன் மீனின் விந்திலிருந்து எடுத்த புரதம், நேரேற்றம் உள்ளது, ஹெப்பரினைப் பிடித்து முழுவதும் செயலிழக்கச் செய்யும். எனொக்ஸபாரினை அது பாதிக்குச் சற்று மேலேதான் அடக்கும். ஃபொண்டபாரினக்ஸை அடக்கவே அடக்காது. கொடுத்துப் பார்த்தோம், இரத்தம் ஏற்றினோம். ஐந்தாம் நாள் அந்த அம்மா இறந்துபோனார். பாடசாலைச் சீருடையோடு நின்ற பேத்தி, "அம்மாயிக்கு ஊசி போட்டதாலயா மிஸ்?" என்று கேட்டாள். இருதயம் பலவீனமாக இருந்தது என்று பதில் சொன்னோம். அது பொய்யல்ல, முழுப் பதிலுமல்ல.

அதன்பின் எங்கள் வாட்டில் தராசு இல்லாமல் எனொக்ஸபாரின் இல்லை. எங்கள் மாகாணத்தில் இது சின்ன விஷயமல்ல. தோட்டத்து மூத்த பெண்கள் பலர் 40 கிலோவைத் தாண்டாதவர்கள். இந்தப் பக்கம் இறங்கி மஹியங்கனை, கிராந்துருக்கோட்டைப் பக்கம் போனால், காரணம் இன்னதென்று தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களைப் பிடித்து ஆட்டுகிறது. மேலே தோட்டங்களில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் அதே வேலையைச் செய்கின்றன. சிறுநீரகம் போனவருக்கு, இரத்தச் சுத்திகரிப்பில் இருப்பவருக்கு, நாளையோ மறுநாளோ சத்திரசிகிச்சை என்றிருப்பவருக்குப் பழைய ஹெப்பரின்தான் பாதுகாப்பான துணை. நிறுத்தினால் நிற்கும். 2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, நாங்கள் எனொக்ஸபாரின் ஊசிகளை எண்ணி எண்ணிப் பாவித்து, சிலருக்குப் பழையதற்கே திரும்பினோம். அதைப் பாவிக்கும் பழக்கம் விட்டுப்போன இளம் வைத்தியர்களுக்கு வயதான தாதிமார்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

கர்ப்பிணித் தங்கைமாருக்கு ஒன்று. பிரசவ வலி வந்து ஒருவர் வந்தார். என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டோம். "ஒன்னுமில்ல மிஸ்" என்றார். சிசேரியன் என்று முடிவாகி, முதுகில் மயக்க ஊசி போட உட்காரவைத்தபோது வயிற்றில் நீலத் தழும்புகள். "இது என்ன?" "அது மருந்தா மிஸ்? கிளினிக்குல குடுத்த ஊசி தானே. காலையில தான் போட்டேன்." அந்த நேரத்தில் முதுகில் குத்தியிருந்தால் முள்ளந்தண்டுக்குள் இரத்தம் கட்டி இரண்டு காலும் விளங்காமல் போகக்கூடும். தடுப்பு அளவென்றால் கடைசி ஊசிக்குப் பின் 12 மணித்தியாலம், சிகிச்சை அளவென்றால் 24 மணித்தியாலம் பொறுக்கவேண்டும். முழு மயக்கம் கொடுத்துச் செய்தோம். ஆகவே ஊசி போட்ட நேரத்தை கிளினிக் கொப்பியில் அன்றன்று எழுதுங்கள். வலி தொடங்கினது மாதிரி இருந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் வைத்தியசாலைக்கு வாருங்கள்.

பிள்ளை பிறந்த பின் ஆறு கிழமைவரை ஆபத்து இருக்கிறது. பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்து, எழும்பாமல் படுக்கவைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. மாமிமார் கோபிக்கக்கூடாது: தண்ணீர் கொடுங்கள், நடக்கவிடுங்கள்.

இன்னொரு கேள்வி வழக்கமாக மெதுவான குரலில் வரும். இது பன்றியிலிருந்து எடுப்பதா? ஆம். இன்று பாவனையிலுள்ள ஹெப்பரின் பெரும்பாலும் பன்றியின் குடல் உட்சவ்விலிருந்து எடுப்பது. எனொக்ஸபாரினும் அதிலிருந்து செய்வதுதான். இதை நோயாளரிடம் மறைக்கக்கூடாது என்பது எங்கள் கட்சி. வேறு யாரோ சொல்லித் தெரிந்து, வீட்டில் ஊசியை இரகசியமாக நிறுத்திவிடுவதைவிட, முன்பே சொல்லிப் பேசிக்கொள்வது நல்லது. முஸ்லிம் சகோதரிகள் பலர் மௌலவியிடம் கேட்டு, உயிருக்கு அவசியமென்றால் ஆகும் என்ற பதிலோடு வந்திருக்கிறார்கள். ஃபொண்டபாரினக்ஸ் மட்டும் எந்த விலங்கிலிருந்தும் எடுப்பதல்ல. ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது, சிறுநீரகம் பழுதானவருக்குக் கூடவே கூடாது.

கடைசியாக வீட்டில் போடுபவர்களுக்கு. ஊசிக்குள் தெரியும் காற்றுக்குமிழியை வெளியேற்ற வேண்டாம், அதைத் தள்ளப்போனால் மருந்தும் போகும். தொப்புளிலிருந்து மூன்று விரல் அகலம் தள்ளி, தோலை மடித்துப் பிடித்து, நேரே குத்துங்கள். ஒருநாள் இடப்பக்கம், ஒருநாள் வலப்பக்கம். போட்டபின் தேய்க்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை, பண்டாரவளைக் குளிரில் அலுமாரியே போதும். உறைபெட்டிக்குள் மட்டும் வைக்கவேண்டாம். பாவித்த ஊசியை மூடியுள்ள பால்மாப் பேணியில் போட்டு, நிறைந்ததும் தோட்டத்து டிஸ்பென்சரியிலோ கிளினிக்கிலோ கொடுங்கள். லயத்துக் கானில் போட்டால் குத்துப்படுவது வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகள்.

செயலாளர் அக்கா இரண்டாவது முறையும் கடிகாரத்தைக் காட்டுகிறார். மண்டபத்துக்கு வெளியே, பழைய இரசாயன ஆய்வுகூடத்துப் பக்கம், தராசு ஒன்று வைத்திருக்கிறோம். தேநீர் குடிக்கப் போகுமுன் உங்களுடைய நிறையையும், கூட்டிவந்திருந்தால் அம்மாவின் நிறையையும் ஒரு துண்டில் எழுதி வாங்கிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.